விளம்பரத்தில் சம்பளம், சேரியில் கடன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கொத்தனார். கையில் ஒரு மஞ்சப்பை. பை நிறைய ரசீதுகள். மகள் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் பொறியியல் படித்ததற்கான ரசீதுகள். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், வேலைவாய்ப்புப் பயிற்சிக் கட்டணம் என்று விதவிதமான பெயர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் நகைக்கடன் சீட்டு, வங்கியிலிருந்து வந்த நோட்டீஸ்.

"தோழர், பொண்ணு பாஸ் பண்ணிட்டா. வேலையும் கெடைச்சி வருஷம் ஒண்ணாச்சு. மாசாமாசம் சம்பளம் வருது. ஆனா வூட்ல ஒத்த ரூபா நிக்க மாட்டேங்குது. எங்கியோ கணக்கு ஒதைக்குது. நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

உட்கார்ந்து பார்த்தோம். அவருடைய கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. அவருக்குக் காட்டப்பட்ட கணக்கில்தான் பிழை.

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு செங்கல்பட்டிலிருந்து சென்னை வரைக்கும் ஒரு தடவை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். சாலையின் இரண்டு பக்கமும் கோட்டு போட்ட பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு தொகை. 'அதிகபட்ச பேக்கேஜ்' இத்தனை லட்சம். ஆயிரக்கணக்கில் ஆள் சேர்க்கிற இடத்தில் அந்தத் தொகை ஒரே ஒருவருக்குக் கிடைத்தது. அந்த ஒருவர் யார், எந்தப் பள்ளியில் படித்தவர், அவர் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்றெல்லாம் பலகையில் எழுத மாட்டார்கள். அதற்குக் கீழே 'சராசரிச் சம்பளம்'. வேலை கிடைத்தவர்களின் சம்பளத்தை மட்டும் கூட்டி, வேலை கிடைத்தவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுத்த சராசரி அது. கிடைக்காதவன் கணக்கிலேயே வர மாட்டான். அதற்கும் கீழே 'இத்தனை சதவீதம் பேருக்கு வேலை'. யாரில் இத்தனை சதவீதம்? 'தகுதியுள்ள' மாணவர்களில். அரியர் வைத்தவன், பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாத் தேர்விலும் 60 சதவீதம் தாண்டாதவன், இன்டர்வியூவுக்கு முந்தின சுற்றிலேயே இங்கிலீஷ் வராமல் நின்றவன், எல்லோரையும் முதலிலேயே கழித்துவிட்டுப் போடுகிற சதவீதம். கழித்துப்போட்ட கூட்டத்தில் யார் அதிகம் இருப்பார்கள் என்பது நமக்குத் தெரியாதா?

பேக்கேஜ் என்ற சொல்லே பொருத்தமாகத்தான் இருக்கிறது. பொட்டலம். பிரித்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். கம்பெனி கட்டுகிற பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி, காப்பீடு, கொடுத்தாலும் கொடுப்பான் கொடுக்காவிட்டாலும் கேட்க முடியாத ஊக்கத்தொகை, எல்லாம் அதற்குள் அடக்கம். பொட்டலத்தையே மாற்றுவதும் உண்டு. 2023 பிப்ரவரியில் விப்ரோ நிறுவனம், ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று சொல்லி எடுத்து வைத்திருந்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டது. 2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸின் மைசூர் பயிற்சி வளாகத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட புதியவர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். ஆஃபர் லெட்டர் வாங்கிவிட்டு இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்து அங்கே போய்ச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். கல்லூரியின் கணக்கில் அவர்களும் 'வேலை பெற்றவர்கள்' தான். பலகையிலிருந்து அவர்களை யாரும் அழிக்கப் போவதில்லை.

இப்போது மஞ்சப்பையைப் பிரிப்போம். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகத் தொகைகளை முழு எண்களாக்கித் தருகிறோம்.

கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 3 லட்சம். விடுதியும் சாப்பாடும் மற்றதும் 1 லட்சம். நான்கு ஆண்டுக்கு 16 லட்சம். வங்கி கொடுத்தது 7.5 லட்சம். அதற்கு மேலே கல்விக்கடன் வேண்டுமானால் சொத்தை அடமானமாகக் காட்டு என்கிறான். எந்தச் சொத்தை? குடும்பத்திடம் இருப்பது ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த வீட்டுமனை. அது நிபந்தனைப் பட்டா. தாத்தா காலத்து அரை ஏக்கர் பஞ்சமி நிலம். 1892இல் வெள்ளைக்காரன் அரசு, வேறு சாதிக்காரன் கைக்குப் போகக்கூடாது என்று நிபந்தனை போட்டு ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கிய நிலங்களின் மிச்சம். நம்மைக் காப்பாற்றப் போட்ட நிபந்தனைதான். அதற்காகவே வங்கி மேனேஜர் அந்தக் காகிதத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஊர்த்தெருவில் இருப்பவனுக்கு அதே அரை ஏக்கர் பாதுகாப்பான அடமானம்.

ஆக மீதி 8.5 லட்சம் வெளியிலிருந்து வந்தது. அம்மாவின் நகையும் குழுக்கடனும் சேர்த்து 2.5 லட்சம். அண்ணன்காரன் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக்கொண்டு சென்டரிங் வேலைக்குப் போய்த் தங்கச்சிக்கு அனுப்பியது 3 லட்சம். மிச்சம் 3 லட்சம் ரெண்டு வட்டிக்கு. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்.

பெண்ணுக்குக் கிடைத்த வேலை ஆண்டுக்கு 3.5 லட்சம். அய்.டி. சேவை நிறுவனங்கள் புதியவர்களுக்குக் கொடுக்கிற சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாக ஏறக்குறைய இந்த இடத்திலேயேதான் நிற்கிறது. அரிசி விலை நிற்கவில்லை. கல்லூரிக் கட்டணம் நிற்கவில்லை. பிடித்தம் போகக் கையில் வருவது 25,000.

வங்கிக் கடனுக்கு வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கிற காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் மத்திய அரசே வட்டியை ஏற்கிற திட்டம் ஒன்று உண்டு. அங்கீகாரம் பெற்ற நிறுவனம், தொழிற்படிப்பு என்று அதற்குச் சில நிபந்தனைகள். அந்த மானியம் ஒழுங்காக வந்துவிட்டது என்றே வைப்போம். அப்படியும் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை 10,300. வாங்கியது 7.5 லட்சம், கட்டி முடிக்கும்போது 12.4 லட்சம். மானியம் வராமல் போனால் தவணை 14,300. வெளிக்கடனுக்கு வட்டி மட்டும் மாதம் 6,000. அசல் அப்படியே நிற்கும்.

25,000இல் 10,300 போச்சு, 6,000 போச்சு. மிச்சம் 8,700. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஓர் அறையில் மூன்று நான்கு பேரோடு ஒரு கட்டிலும் சாப்பாடும் வேண்டுமானால் அதற்கே அது சரியாகப் போகும். அம்மா காதில் கம்மல் திரும்பி வரவில்லை. அண்ணன் இன்னும் சென்டரிங் வேலையில்தான் இருக்கிறான். ஒரு மாதம் உடம்புக்கு முடியாமல் போனால் தவணை நிற்கிறது, நோட்டீஸ் வருகிறது. வீட்டில் ஒத்த ரூபாய் நிற்கவில்லை என்று அவர் சொன்னது இதுதான்.

அண்ணனின் படிப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? விளம்பரப் பலகைக்காரனிடமும் அதற்குக் கட்டம் இல்லை, வங்கியிடமும் இல்லை.

அந்தப் பெண்ணின் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவர் கலந்தாய்வு மூலம் ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்தில் படித்தவர். 2017இல் கட்டண நிர்ணயக் குழு அந்த இடத்துக்கு வைத்த கட்டணம் ஆண்டுக்கு 50,000. அங்கீகாரம் பெற்ற படிப்பானால் 55,000. அந்த விகிதத்தில் பார்த்தால் நான்கு வருடத்துக்கு 2.2 லட்சம். தலித் மாணவர், பெற்றோர் வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால் அதையும் பிந்தைய மெட்ரிக் உதவித்தொகை ஏற்கும். ஆதிதிராவிடர் நல விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாட்டுச் செலவும் இல்லை. அந்த விடுதிகளின் லட்சணம் நமக்குத் தெரியும். அது வேறு சண்டை. இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே வேலை, ஒரே 3.5 லட்சம். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: பேர் எடுத்த சில நிகர்நிலைகளுக்குக் கம்பெனிகள் நிறைய வருகின்றன, கிராமத்துப் பக்கம் இருக்கிற எத்தனையோ கல்லூரிகளுக்கு ஒருத்தனும் வருவதில்லை. அந்த வித்தியாசத்துக்குத்தான் பதினான்கு லட்சம் விலை வைக்கிறான். விலை எல்லோருக்கும் ஒன்றுதான். வாங்கிய பொருளுக்குக் கிடைக்கிற பலன் எல்லோருக்கும் ஒன்றா?

இல்லை என்பதற்கு ஆய்வே இருக்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே மாதிரித் தகுதிகள் எழுதிய விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். ஒன்றில் உயர்சாதிப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். அழைப்பு வருவதற்கான வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு 1 என்றால் தலித் பெயருக்கு 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. நேரில் ஆளைப் பார்க்கவில்லை, பேச விடவில்லை, இங்கிலீஷைச் சோதிக்கவில்லை. பேர் ஒன்றே போதுமாக இருந்தது. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் கம்பெனிகளில் ஆள் எடுக்கும் அதிகாரிகளிடம் பேசிப் பார்த்தார்கள். சாதி பார்ப்பதே இல்லை, தகுதிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அதே வாயால் 'குடும்பப் பின்னணி' கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள்.

நம் ஊரில் பேருக்குப் பின்னால் சாதி இல்லையே, இங்கே அது நடக்காது என்று சிலர் மார்தட்டுவார்கள். பேருக்குப் பின்னால் இல்லை, சரி. 'எந்த ஊர் தம்பி? ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றார்? எந்த ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சே?' நாலே கேள்வி. நாலாவது கேள்வி முடிகிறபோது எதிரே இருப்பவன் முகம் மாறுவதைப் பார்க்காத தலித் பட்டதாரி யாராவது இருந்தால் நமக்கு எழுதுங்கள், மகிழ்ச்சியாக வெளியிடுகிறோம்.

அப்படியானால் கணக்கு இப்படி ஆகிறது. நம் அப்பன்மார் தலைமுறையில் அரசுக் கல்லூரியில் இடஒதுக்கீட்டில் நுழைந்து, அரசு வேலையிலோ வங்கியிலோ பொதுத்துறையிலோ இடஒதுக்கீட்டில் உட்கார்ந்தார்கள். படிப்பு சம்பளமாக மாறுகிற வழி முழுக்கச் சட்டம் கூட நடந்தது. எவ்வளவு குறையோடு நடந்தது என்பது நமக்குத் தெரியும். பின்னடைவுப் பணியிடங்களுக்காக எத்தனை போராட்டம் நடத்தியிருக்கிறோம். ஆனாலும் நடந்தது. தொண்ணூறுகளுக்குப் பிறகு இரண்டு முனையையும் அறுத்தார்கள். படிப்பை வாங்குகிற சந்தையிலும் சட்டம் இல்லை, உழைப்பை விற்கிற சந்தையிலும் சட்டம் இல்லை. நடுவில் கடன் மட்டும் சட்டப்படி நடக்கிறது. தவணை தவறினால் நோட்டீஸ் சட்டப்படி வருகிறது.

இது தானாக நடந்ததல்ல. தமிழ்நாட்டில் 1984இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தார்கள். 1992இல் மோகினி ஜெயின் வழக்கில் நன்கொடை வாங்குவது தவறு என்றது உச்ச நீதிமன்றம். 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில், தனியார் தொழிற்கல்லூரிகளில் பாதி இடங்கள் இலவச இடங்கள் என்று ஓர் ஏற்பாட்டைச் சொன்னது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் அந்த ஏற்பாட்டை அதே நீதிமன்றமே கவிழ்த்தது. 2005இல் இனாம்தார் வழக்கில், அரசு உதவி பெறாத தனியார் நிறுவனங்கள் மீது இடஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது என்றது. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்து, 93வது திருத்தம் வந்தது. அரசியல் சட்டத்தில் 15(5) சேர்ந்தது. தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீடு செய்யச் சட்டம் போடலாம் என்ற அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. 2014இல் உச்ச நீதிமன்றமே அது செல்லும் என்றும் சொல்லிவிட்டது. அதன்பின் பத்து வருடத்துக்கு மேலாகியும் தனியார் உயர்கல்விக்கென்று நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைப் போடவில்லை.

போடாததன் விளைவு என்ன? 2025 ஆகஸ்டில் கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே சொன்னது: நாட்டின் 'மேன்மைமிகு நிறுவனம்' என்று பட்டம் கொடுக்கப்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களில் பட்டியல் சாதி மாணவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பழங்குடியினர் அதிலும் பாதி. 15, 7.5, 27 சதவீத இடஒதுக்கீட்டுக்குச் சட்டம் கொண்டு வாருங்கள் என்று அந்தக் குழு பரிந்துரைத்திருக்கிறது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லோரும் உட்கார்ந்திருந்த குழு. பரிந்துரை அச்சாகி அலமாரிக்குப் போனது.

தமிழ்நாடு 2006இல் தனியார் கல்வி நிறுவனங்களுக்கு இடஒதுக்கீட்டுச் சட்டம் போட்டது. கலந்தாய்வு வழியாகத் தனியார் கல்லூரிகளுக்குள் நம் பிள்ளைகள் போய் உட்காருவது போராடிப் பெற்ற உரிமை. நிகர்நிலைகள் அந்தக் கலந்தாய்வுக்கு வெளியே நிற்கின்றன. கல்லூரி வைத்திருப்பவனுக்கெல்லாம் பல்கலைக்கழகம் ஆகிவிடவேண்டும் என்ற ஆசை ஏன் என்று புரிகிறதா? 2025 அக்டோபரில், இருக்கிற கல்லூரிகளே தனியார் பல்கலைக்கழகமாக மாற வழிசெய்கிற திருத்த மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார்கள். சமூகநீதி பேசுகிற ஆட்சியில்தான். எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார்கள். மறுபடி வேறு பெயரில் வரும். விழிப்பாக இருக்க வேண்டியது நம் வேலை.

உதவித்தொகையின் கதையும் இதேதான். 2012 செப்டம்பரில் தமிழக அரசு அரசாணை 92ஐ வெளியிட்டது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கிற ஏழைத் தலித், பழங்குடி, கிறித்தவம் தழுவிய தலித் மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆணை வந்ததே தெரியாதது போல இருந்தன கல்லூரிகள். மாணவர்கள் போராடித்தான் பல இடங்களில் அது நடைமுறைக்கு வந்தது. 2017இல் தொகையை வெட்டினார்கள். 2018இல் மத்திய அரசின் விதிமுறை, நிர்வாக ஒதுக்கீட்டுக்கு உதவித்தொகையே கிடையாது என்றது. 2021-22 முதல் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு நேராக மாணவர் கணக்குக்கு வருகிறது. நல்லதுதானே என்று தோன்றும். பணம் எப்போது வரும் என்பதுதான் சிக்கல். அது வருவதற்கு முன்பே கல்லூரி கேட்கிறது. கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை, டி.சி. இல்லை. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யூ.ஜி.சி. 2018இலேயே அறிவித்திருப்பதை எத்தனை மாணவர்கள் அறிவார்கள்? எத்தனை முதல்வர்கள் அறியாதது போல் இருக்கிறார்கள்?

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது, அதையும் பேசிவிட வேண்டும். செலவு இத்தனை, வரவு இத்தனை, ஆகவே நட்டம் என்று நாம் கணக்குப் போட்டுக் காட்டுகிற உடனே, ஓடி வந்து ஆமாம் போடுவதற்கு ஒரு கூட்டம் தயாராக நிற்கிறது. 'அதான் சொல்றோம், எல்லாரும் எதுக்குங்க டிகிரி படிக்கணும்? கைத்தொழில் ஒண்ணு கத்துக்கலாமே.' சொல்கிறவன் பிள்ளை அமெரிக்காவில் இருப்பான். அவன் வீட்டுக் கழிவறை அடைத்தால் வர ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் படிப்பு, அரைநாள் அப்பன் தொழில் என்ற திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி விரட்டிய மண் இது. அதையே 'ஸ்கில்' என்றும் 'முதலீட்டுக்கு ஏற்ற பலன்' என்றும் வேறு சொல்லில் திருப்பிக் கொண்டு வந்தால் அடையாளம் தெரியாதா நமக்கு? நட்டம் படிப்பில் இல்லை. படிப்புக்கு விலை வைத்ததில் இருக்கிறது. அந்த விலையை யார் தலையில் கட்டினார்கள் என்பதில் இருக்கிறது.

அம்பேத்கரின் படிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ராம்ஜி சக்பால் ஓய்வூதியக்காரர். மகன் கேட்ட புத்தகத்துக்காகக் கட்டிக்கொடுத்த மகள்களிடம் நகை வாங்கி அடகு வைத்தவர். அந்த வருமானத்தில் நியூயார்க் நடக்குமா? 1913இல் பரோடா அரசு மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. அது கடன் அல்ல. திரும்பி வந்து பத்து வருடம் அரசில் வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தம். கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் வேலைக்குப் பரோடா போனவருக்குத் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்து துரத்தினார்கள். அலுவலகத்தில் கோப்புகளை மேசையில் எறிந்தார்கள். அன்றைக்கு யாராவது வரவு செலவு பார்த்திருந்தால், உலகத்திலேயே நட்டமான படிப்பு என்று அம்பேத்கரின் படிப்பைத்தான் எழுதியிருப்பான். 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் மாதம் 450 ரூபாய்க்குப் பேராசிரியர் வேலை. அதிலே மிச்சம் பிடித்து, நண்பர் நவல் பதேனாவிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கி, 1920இல் மறுபடி லண்டனுக்குப் படிக்கப் போனார். கடன் வாங்கிப் படித்தவர்தான் அவரும். ஆனால் 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்ததும் நம் பிள்ளைகளும் கடன் வாங்கிப் படிக்கட்டும் என்று சொல்லவில்லை. பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு அரசுப் பணத்தை ஒதுக்கு என்று கேட்டு வாங்கினார். 1944இல் தொடங்கிய பிந்தைய மெட்ரிக் உதவித்தொகையின் வேர் அங்கேதான் இருக்கிறது. இன்றைக்கு அதை இழுத்து மூடுகிற ஒவ்வொரு விதிமுறையும் அவர் கேட்டு வாங்கியதைத்தான் பிடுங்குகிறது.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் கொத்தனாரின் வீட்டுக்கு மே மாதத்தில் மூன்று பேர் வந்திருக்கிறார்கள். மூவரும் கல்லூரி ஏஜெண்டுகள். ஒருவர் உள்ளூர் ஆசிரியர். லேப்டாப் தருகிறோம், முதல் வருடம் கட்டணச் சலுகை என்றெல்லாம் பேசியிருக்கிறார்கள். நம் அமைப்புகளிலிருந்து ஒருவரும் போகவில்லை. ஏப்ரல் 14க்கு அந்தச் சேரியில் மூன்று அமைப்பு மூன்று ஃபிளெக்ஸ் வைத்திருந்ததாம். மே மாதம் கலந்தாய்வுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்ல ஒரு தோழர் அங்கே ஒரு நாள் உட்காரவில்லை. பெண்ணின் மதிப்பெண்ணைப் பார்த்தோம். கலந்தாய்வுக்குப் போயிருந்தால் சுமாரான ஒரு கல்லூரியிலாவது கட்டணமில்லாத இடம் கிடைத்திருக்கும். பதினாறு லட்சத்தில் நம் பங்கு எவ்வளவு என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாணவத் தோழர்கள் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் தேசிய தரவரிசைக்கு, அதாவது என்.அய்.ஆர்.எஃப்.க்கு, விண்ணப்பிக்கிற ஒவ்வொரு நிறுவனமும் தான் கொடுத்த புள்ளிவிவரத் தாளைத் தன் இணையதளத்தில் போட்டு வைக்க வேண்டும். கண்ணுக்குப் படாத மூலையில் போட்டிருப்பார்கள், தேடினால் கிடைக்கும். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் நடுநிலைச் சம்பளம் என்ன என்று இருக்கும். நடுநிலை என்றால், எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்து நடுவில் நிற்பவனின் சம்பளம். அதிகபட்சத்தைவிட, சராசரியைவிட அதுதான் உண்மைக்குப் பக்கம். அதிலும் வேலை கிடைக்காதவன் வரிசையில் நிற்பதில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். ஆகவே வேலை கிடைத்தவர் எண்ணிக்கையைத் தேறியவர் எண்ணிக்கையால் அல்ல, சேர்ந்தவர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பலகையில் இருக்கிற சதவீதம் எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். இன்னொரு கட்டத்தில், எத்தனை மாணவர்களுக்கு அரசிடமிருந்து கட்டணம் திரும்பக் கிடைத்தது, எத்தனை பேருக்கு நிறுவனமே கொடுத்தது என்றும் இருக்கும். 'சமூகரீதியாகப் பின்தங்கியோர்' என்று ஒரு கட்டம் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் எல்லோரையும் ஒரே கட்டத்தில் அள்ளிப் போட்டிருப்பார்கள். நாம் எத்தனை பேர் என்று தெரியாமல் இருப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. அதைப் பிரித்துக் காட்டு, சாதிவாரியாக வேலையும் சம்பளமும் காட்டு என்பது நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கை. 15(5)க்கான சட்டமும் தனியார் துறையில் இடஒதுக்கீடும் அதனோடு சேர்ந்த கோரிக்கைகள். மூன்றையும் பிரித்துப் பேசிப் பயனில்லை.

போகும்போது அந்தக் கொத்தனார் கேட்டார்: "சின்னவ இப்பதான் பிளஸ் டூ எழுதியிருக்கா தோழர். இவளையும் அங்கியே சேக்கலாமான்னு ஒரு ஆளு வந்து கேக்கறான். நான் இன்னா சொல்லட்டும்?" எந்தப் பள்ளி என்று கேட்டோம். ஆறாம் வகுப்பிலிருந்து ஊர் அரசுப் பள்ளிதானாம். 2021இல் வந்த சட்டப்படி, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. அந்த இடத்தில் சேர்ந்தால் கட்டணம், விடுதிச் செலவு எல்லாவற்றையும் அரசு ஏற்கிறது. இதை ஒருவரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நகைக்கடன் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

கலந்தாய்வு விண்ணப்பம் தொடங்குவதற்குள், ஒவ்வொரு மாவட்டத்திலும் தோழர்கள் தங்கள் பக்கத்து நிகர்நிலை, தனியார் பல்கலைக்கழகங்களின் அந்தப் புள்ளிவிவரத் தாளை எடுத்து, மேலே சொன்னபடி வகுத்து, நமக்கு அனுப்பி வையுங்கள். பெறப்பட்டதை வரிசைப்படுத்தி அடுத்த இதழில் தனி இணைப்பாகத் தருகிறோம். சேரிகளில் ஒட்டுவதற்குத் துண்டறிக்கையாகவும் அச்சடிக்கிறோம். எத்தனை பிரதி வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.